ஆல்ட்ரூயிசம்: பரோபகாரமா, கைமாத்தா?

விலங்குகளின் கூட்டு வாழ்க்கையைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளைப் படிக்கிறவர்களுக்கு இந்த எரிச்சல் பழகியிருக்கும். ஒரு பக்கத்தில் ‘தன்னலமின்மை’, அடுத்த பக்கத்தில் ‘பொதுநலம்’, இன்னொருவர் எழுதினால் ‘பரோபகாரம்’. மூன்றுமே ஆல்ட்ரூயிசம் என்ற ஒரே சொல்லுக்குத்தான்.

பிரெஞ்சுத் தத்துவவாதி ஆகுஸ்ட் கோம்ட் 1850களின் தொடக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. ‘பிறருடைய, பிறருக்கு’ என்ற பொருளில் இத்தாலியில் ‘அல்த்ரூயி’ உண்டு. அதற்கும் அடியில் லத்தீன் ‘அல்டெர்’, அதாவது மற்றவர். தன்னலத்துக்கு எதிர்ச்சொல் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. ‘பிறருக்காக வாழ்’ என்பது அவருடைய கொள்கை முழக்கம். வடமொழி ‘பர’ என்பதும் பிறர்தானே? ஆகவே கோம்ட் சொன்ன பொருளுக்குப் பரோபகாரம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். புறநானூற்று 182ஆம் பாட்டில் ‘தமக்கென முயலா’, ‘பிறர்க்கென முயலுநர்’ என்று அந்த எதிர்ப்பதமே இணையாக வருகிறது.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. உயிரியல் இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டது, அதிலிருந்த மனசை மட்டும் கழற்றி வைத்துவிட்டது. ஒரு செயலால் செய்கிற உயிருக்குப் பிழைப்பிலும் வாரிசிலும் நட்டம், இன்னொன்றுக்கு லாபம் என்றால் அது ஆல்ட்ரூயிசம். என்ன நினைத்துச் செய்தது என்று யாரும் கேட்பதில்லை. நம்மைக் கொட்டும் தேனீயின் கொடுக்கு தோலில் மாட்டி, நச்சுப்பையோடு பிய்ந்து வருகிறது. தேனீ செத்துப்போகிறது, கூடு தப்பிக்கிறது. இதைத் ‘தன்னலமின்மை’ என்றால் தேனீக்கு ஒரு துறவியின் மனசை ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும். அதனால் உயிரியலில் ‘பிறர்நல நடத்தை’ என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அழகான சொல் இல்லைதான். ஆனால் நடத்தை என்ற சொல் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பேசும்.

தேனீ ஏன் அப்படிச் செய்கிறது? உயிரியலாளர் ஹாமில்டன் 1964இல் இதற்குக் கணக்குப் போட்டார். உதவி பெறுகிறவரின் லாபத்தை உறவின் நெருக்கத்தால் பெருக்குங்கள். அது உதவுகிறவரின் நட்டத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் குணம் பரவும். மனிதர்களில் உடன்பிறந்தவருக்கு நெருக்கம் அரை, ஒன்றுவிட்டவருக்கு எட்டில் ஒன்று. நம் ஊரில் இதற்குப் பழமொழியே இருக்கிறது: தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்.

சரி, உறவே இல்லாதவருக்கு உதவினால்? இங்கேதான் நம் சொல்வளம் உண்மையில் கைகொடுக்கிறது. இன்று நான் உதவினால் நாளை நீ உதவுவாய் என்ற வழியில் உயிரியலாளர் டிரிவர்ஸ் 1971இல் இதை விளக்க முயன்றார். 1984இல் வில்கின்சன் என்ற ஆய்வாளர் மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவின் ரத்தம் குடிக்கும் வௌவால்களிடம் இதைப் பார்த்ததாக எழுதினார். பகலில் மரப்பொந்துகளில் கூட்டமாகத் தொங்கும் இந்த வௌவால்கள், இருட்டியதும் மாட்டையோ குதிரையையோ தேடிப் போகும். ரத்தம்தான் ஒரே சாப்பாடு. இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும். வெறும் வயிற்றோடு திரும்பிய வௌவால், வயிறு நிறைந்த கூட்டாளியின் பக்கத்தில் நகர்ந்து அதன் உதட்டை நக்கும். அது குடித்த ரத்தத்தில் கொஞ்சத்தைக் கக்கிக் கொடுக்கும். இன்னொரு ராத்திரி நிலைமை தலைகீழாகலாம்.

இதன் பெயர் நமக்குத் தெரியும். ‘கைமாத்தா ஒரு ஐநூறு இருக்குமா?’ பத்திரம் இல்லை, வட்டி இல்லை, பழக்கம் மட்டுமே பிணை. எழுத்தில் ‘கைமாற்று’. செய்ந்நன்றிக்குத் திரும்பச் செய்வதைக் குறிக்கும் ‘கைம்மாறு’ இதற்கு நெருங்கிய சொந்தம். ஆகவே டிரிவர்ஸ் சொன்னதைக் ‘கைம்மாற்றுப் பிறர்நலம்’ என்று தாராளமாக எழுதலாம். ‘பரிமாற்றப் பொதுநலம்’ என்று யாராவது எழுதினால் எனக்கு ரேஷன் கடைதான் ஞாபகம் வருகிறது.

பிற்பாடு இதே வௌவால்களை வைத்துக் கார்ட்டர் என்ற ஆய்வாளர் தன் குழுவோடு செய்த ஆய்வுகள் சுவாரசியமானவை. உறவைவிட, முன்பு தனக்கு ஊட்டியதா என்பதே ஊட்டுவதைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. அறிமுகமில்லாத வௌவால்களைச் சேர்த்து வைத்தால், எடுத்த எடுப்பில் ரத்தம் கிடையாது. முதலில் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும். பழக்கம் இறுகிய பிறகுதான் சாப்பாடு. புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டாரிடம் முதல் நாள் ஒரு கப் சர்க்கரைதானே கேட்போம்? ஆனால் மொய் நோட்டு மாதிரி யார் எவ்வளவு என்று வௌவால் எழுதி வைப்பதாக நினைக்க வேண்டாம்.

அப்புறம் ‘ஒப்புரவு’. இதையும் ஆல்ட்ரூயிசத்துக்குச் சிபாரிசு செய்கிறவர்கள் உண்டு. ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதல் குறளே ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று தொடங்குகிறது. திரும்ப எதிர்பார்க்காத மழையை உவமை சொல்கிறார் வள்ளுவர். வௌவாலுக்கு இது ஒத்துவராது. இராக்கின் ஷனிதார் குகையில் 1957இல் கிடைத்த, நியாண்டர்தால் என்ற பழைய மனித இனத்தவர் ஒருவரின் எலும்புக்கூட்டுக்கு வேண்டுமானால் ஒத்துவரலாம். இடது கண்ணோரம் பலத்த அடி, வலது கை சூம்பி முழங்கைக்குக் கீழே இல்லை. அந்தக் காயங்களெல்லாம் ஆறி, பல வருடம் கழித்து, நாற்பது வயதையொட்டித்தான் அந்த மனிதர் இறந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் உதவியிருக்க வேண்டும் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அவருக்குக் கொடுத்த இறைச்சி கைமாற்று என்றால், அதில் பெரும்பகுதி வராக்கடன்.