பூல் க்யூல நெஜமா வேலை செய்யறது அந்த முன்னாடி ஒரு சாண் தான்

பூல்ங்கறது மேஜையில பந்தடிக்கற ஆட்டம், க்யூ அதுக்கான குச்சி. அதோட முன்பாதியான ஷாஃப்ட்டைக் கார்பன் ஃபைபர்ல வாங்கினா ஆட்டம் நல்லா வருமா, ரெண்டு பாதியும் சேர்ற ஜாயிண்ட் ஸ்டீலா மரமான்னு பாத்து வாங்கணுமான்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, ஏன்னா இதுல பாதி பௌதிகம், மீதி நம்பிக்கை.

க்யூ நுனியில இருக்கற தோல் டிப், நாம அடிக்கற பால்ல (வெள்ளைப் பந்துல) ஒட்டிட்டு இருக்கற நேரம் கிட்டத்தட்ட 1 மில்லி செகண்ட், அவ்ளோதான். இப்ப பால்ல நடுவுக்குக் கொஞ்சம் இடது பக்கம் அடிக்கறீங்கன்னு வைங்க. டிப் தொட்டுட்டு இருக்கும்போதே பால் சுத்த ஆரம்பிச்சிடும், அதோட பின்பக்கம் இடது பக்கமா நகரும், கூடவே டிப்பையும் இடது பக்கம் தள்ளும், டிப் சும்மா போகுமா, பதிலுக்குப் பாலை வலது பக்கம் தள்ளும், அதனாலதான் நீங்க குறி வெச்ச கோட்டை விட்டு பால் லேசா விலகிப் போகுது. நியூட்டனோட மூணாவது விதி, ஸ்கூல்ல படிச்சதேதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். அந்தப் பக்கவாட்டுத் தள்ளல் ஷாஃப்ட் வழியா அலையா பின்னாடி போகணும் இல்லையா, ஆனா 1 மில்லி செகண்ட்ல அது ஏறக்குறைய ஒரு சாண் தூரம்தான் போக முடியும், அதுக்குள்ள பால் கிளம்பிப் போயிடுது! அப்போ பாலோட மல்லுக்கட்டறது முழு க்யூ இல்ல, அந்த ஒரு சாணோட எடை மட்டும்தான். எடை கம்மின்னா டிப் சுலபமா வழிவிடும், பால் விலகறதும் கம்மி. டிப்புக்குப் பக்கத்துல செம்புக் கம்பியைச் சுத்தி அடிச்சுப் பாத்தேன், பால் அதிகமா விலகறது கண்ணுக்கே தெரிஞ்சது, அதே கம்பியை ஜாயிண்ட் கிட்ட சுத்தினப்போ ஒரு வித்தியாசமும் இல்ல.

லோ டிஃப்ளெக்‌ஷன் (பாலைக் கம்மியா விலக வைக்கற) ஷாஃப்ட்ல முன்பக்கத்தைக் குடைஞ்சு வெக்கறதும் டிப்புக்குக் கீழ இருக்கற வளையமான ஃபெரூலைச் சின்னதாக்கறதும் இதுக்காகத்தான். கார்பன் ஷாஃப்ட்டும் குழாய் மாதிரிதான், கூடவே ஈரத்துல வளையாது, அது நிஜமான லாபம். ஆனா இதெல்லாம் ஸ்பின்னை அதிகமாக்கும்னு சொல்றாங்களே, அது தப்பு, ஸ்பின் வர்றது நடுவுலேர்ந்து எவ்ளோ தள்ளி அடிக்கறீங்கங்கறதைப் பொறுத்துதான்.

ஜாயிண்ட் இருக்கறது டிப்புலேர்ந்து சுமார் 74 சென்டிமீட்டர் தள்ளி. "ஸ்டீல் ஜாயிண்ட்ல ஹிட் கெட்டியா இருக்கு"ன்னு கையில தெரியறது பொய் இல்ல, சத்தமும் அதிர்வும் மாறத்தான் செய்யும், ஆனா அது மூளைக்குப் போய்ச் சேரும்போது பால் எப்பவோ போயாச்சு. இதைக் காரணமா சொல்லி விலையை ஏத்தறது எனக்குப் பிடிக்கல.

அதனால முதல்ல டிப்பைப் பாருங்க, தோல் வழவழன்னு தட்டையா ஆயிருந்தா, வழுக்காம இருக்க அதுல தடவற சாக் பொடி பிடிக்காது, வழுக்கிடும், அப்புறம் எந்த ஷாஃப்ட் போட்டும் பிரயோஜனம் இல்ல.