ஒரே ஹாப்ஸை ஏன் மூன்று தடவை போடுகிறார்கள்?

"வீட்டிலேயே பேல் ஏல் காய்ச்சும் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஹாப்ஸை மூன்று தடவை போடச் சொல்கிறார்கள். மொத்தத்தையும் முதலிலேயே கொட்டினால் என்ன?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ. பேல் ஏல், வெளிர் மால்ட்டில் காய்ச்சும் ஒரு பீர் வகை. தாராளமாகக் கொட்டலாம், பீர் வரும். நன்றாகக் கசக்கும், ஆனால் மணக்காது. எல்லாவற்றையும் கடைசியில் போட்டாலோ மணக்கும், கசப்பு போதாது. ஒரே பூவுக்குள் இருக்கும் இரண்டு சரக்குகளில் ஒன்றுக்கு நெருப்பு வேண்டும், இன்னொன்றுக்கு நெருப்பே ஆகாது.

அதற்கு முன் சட்டம். பிரிட்டன் 1963-ல் வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை என்றாக்கியது. அமெரிக்காவில் 1978-ல் அதற்கான சட்டம் கையெழுத்தானது. எல்லா இடத்திலும் இந்தச் சலுகை கிடையாது. இருக்கும் இடத்தின் விதியைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

ஹாப்ஸுக்கு முந்தைய கட்டங்களை வேகமாகக் கடந்துவிடுவோம். 20 லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 5 கிலோ மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, வேண்டும். அதை மாவாக்காமல் உடைத்து மட்டும் எடுக்கிறோம். உமி முழுசாக இருந்தால்தான் பிறகு வடிகட்டியாக வேலை செய்யும். 66 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் ஊறும்போது, முளைத்த தானியத்தின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். மாவுச்சத்து ஒரு நீண்ட மணிச்சரம் என்றால், பீட்டா அமைலேஸ் அதன் நுனியிலிருந்து இரண்டிரண்டு மணியாகக் கழற்றும், ஆல்பா அமைலேஸ் நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். பீட்டாவுக்கு 60 முதல் 65 டிகிரி பிடிக்கும், ஆல்பாவுக்கு 70-ஐ ஒட்டி. 66 என்பது இரண்டுக்கும் இடையிலான சமரசம். ஒரு சொட்டு அயோடின் விட்டும் கருநீலம் வராவிட்டால் மாவுச்சத்து தீர்ந்துவிட்டது. இனிப்பான அந்தச் சாறுதான் வோர்ட். வடித்துக் கொதிக்க வைக்கலாம்.

இனி ஹாப்ஸ். கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடியின் பெண் பூங்கொத்து இது. ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். இதழ் போன்ற பச்சைச் செதில்களின் அடியில் மகரந்தம் மாதிரி மஞ்சள் துகள்கள் தெரியும். தேய்த்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். லுப்யூலின் சுரப்பிகள் அவை. உள்ளே பிசினும் எண்ணெயும் இருக்கின்றன. பிசின் கசப்புக்கு, எண்ணெய் மணத்துக்கு.

பிசினில் முக்கியமானவை ஆல்பா அமிலங்கள். அவற்றில் ஒன்று ஹியூமுலோன். விசித்திரம் என்னவென்றால், ஹியூமுலோன் அப்படியொன்றும் கசப்பானதில்லை. வோர்ட்டில் சரியாகக் கரையவும் செய்யாது. கொதிக்கும்போதுதான் அது வேறு ஆளாகிறது. அதன் நடுவே ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்த ஒரு வளையம் இருக்கிறது. வெப்பத்தில் அந்த வளையத்தின் ஒரு கார்பன், தன் ஆக்சிஜனையும் கூட்டிக்கொண்டு வெளியே நழுவிப் பக்கத்துச் சங்கிலிக்குள் நின்றுகொள்கிறது. மிச்சம் ஐந்தும் கைகோத்துச் சின்ன வளையமாக மூடிக்கொள்கின்றன. ஓர் அணு கூடவில்லை, ஓர் அணு குறையவில்லை. முன்னும் பின்னும் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன்தான். உட்கார்ந்த இடம் மாறியதற்கே, கரையாதது கரைகிறது, கசக்காதது கசக்கிறது. இப்படிப் பிறக்கும் ஐசோ ஆல்பா அமிலம்தான் நாக்கின் கசப்பு ஏற்பிகளைத் தட்டுவது. இந்த மூலக்கூறுகள் முப்பரிமாணத்தில் எந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கின்றன என்பது 2013-ல்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வெர்னர் காமின்ஸ்கி குழுவினரின் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் ஆய்வில் உறுதியானது. அதுவரை அச்சில் இருந்த சில முடிவுகள் தலைகீழானவை.

இந்த மாற்றம் அவசரமே படாது. ஒரு மணி நேரம் கொதித்தாலும் போட்ட ஆல்பா அமிலத்தில் கால்வாசி அளவுதான் கசப்பாக பீருக்குள் வந்து சேரும். கணக்குப் போடுவோம்: 10 சதவீதம் ஆல்பா அமிலம் உள்ள ஹாப்ஸ் 20 கிராம் என்றால் அமிலம் 2,000 மில்லிகிராம். அதில் கால்வாசி 500. அதை 20 லிட்டரில் பகிர்ந்தால் லிட்டருக்கு 25 மில்லிகிராம், அதாவது சுமார் 25 கசப்பு அலகு. பேல் ஏலுக்கு 30 முதல் 50 வரை வேண்டும், மிச்சத்தைப் பின்னால் போடும் ஹாப்ஸ் பார்த்துக்கொள்ளும். கொதிநிலைக்குப் பத்து டிகிரி கீழே வந்தாலே இந்த மாற்றத்தின் வேகம் அரைவாசிக்கும் கீழே போய்விடும். அதனால்தான் மூடி போட்டுச் சூடாக வைத்திருந்தால் போதும் என்பது இங்கே எடுபடாது. புரளப் புரளக் கொதிக்க வேண்டும்.

எண்ணெயின் கதை நேரெதிர். மிர்சீன், லினலூல், ஜெரானியோல் எல்லாம் ஆவியோடு கிளம்பிவிடும் ரகம். காய்ச்சும்போது வீடு கமகமவென்று மணந்தால் மகிழ வேண்டாம், கோப்பையில் இருக்க வேண்டியதுதான் காற்றில் போகிறது. ஆகவே முதல் தவணையைக் கொதியின் தொடக்கத்திலும், இரண்டாம் தவணையை அடுப்பை அணைத்த பிறகும், மூன்றாவதை நொதித்தல் முடியும் தறுவாயில், 18-20 டிகிரியிலும் போடுகிறார்கள். கடைசியாகச் சொன்னது டிரை ஹாப்பிங், லிட்டருக்கு நாலைந்து கிராம். ஆறிய வோர்ட்டின் சர்க்கரையை நொதிக்கவைத்து ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் இன்னும் விழித்திருக்கும்போது போட்டால் கூடுதல் லாபம் உண்டு. அது ரோஜா மணமுள்ள ஜெரானியோலில் ஒரு பகுதியை எலுமிச்சைச் சாயல் கொண்ட சிட்ரோனெல்லோலாக மாற்றிவிடும்.

பேல் ஏலுக்கு இன்று நாம் எதிர்பார்க்கும் அந்த கிரேப்ஃப்ரூட் மணத்தைப் பிரபலமாக்கியது கேஸ்கேட் என்ற ரகம். அமெரிக்க வேளாண் துறை ஓரிகனில் 1956-ல் தொடங்கிய கலப்பினம், 1972-ல்தான் வெளியானது. பதினாறு வருடம், அதுவும் மக்கள் வரிப்பணத்தில். மூன்று வருடத்தில் பலனைக் காட்டு என்று கேட்கும் இன்றைய நிதிக் குழுக்களிடம் போயிருந்தால் இந்தச் செடி நாற்றங்காலைத் தாண்டியிருக்காது.

ஆய்வின் பலன் தாமதமாகத்தான் தெரியும் என்பதற்கு இன்னோர் உதாரணமும் கையிலேயே இருக்கிறது. ஹாப்ஸில் மாவுச்சத்தை வெட்டும் நொதி கொஞ்சம் உண்டு. டிரை ஹாப்பிங் செய்ததும், ஈஸ்ட் தொடாமல் விட்ட டெக்ஸ்ட்ரின்களை, அதாவது மாவுச்சத்தின் அரைகுறைத் துண்டுகளை, அது மெல்ல வெட்டிச் சர்க்கரையாக்கும், ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். பாட்டிலில் அடைத்த பிறகு இது நடந்தால் அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கும். பிரிட்டனின் பீர் வேதியியலாளர்கள் ஹொரேஸ் பிரவுனும் ஹாரிஸ் மோரிஸும் இதை 1893-லேயே எழுதிவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, ஹாப்ஸை அள்ளிக் கொட்டும் மோகம் வந்த பிறகுதான் தேடி எடுத்தார்கள். ஆகவே டிரை ஹாப்பிங்குக்குப் பிறகு அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் சில நாள் இடைவெளி விட்டு அளந்து, அளவு அசையவில்லை என்று உறுதியான பிறகே அடையுங்கள்.

நடுவில் ஒன்று. ஹாப்ஸில் சாந்தோஹியூமால் என்ற சேர்மம் இருக்கிறது, அதனால் பீர் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஒரு செய்தி சுற்றுகிறது. கொதிக்கும்போதே அதில் பெரும்பகுதி வேறொரு சேர்மமாக மாறிவிடுகிறது, பீரில் மிஞ்சுவது சொற்பம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானங்களை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்னும் முதல் பட்டியலில் வைத்தது 1988-ல். மூடநம்பிக்கை இப்போதெல்லாம் வேதியியல் பெயர் போட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

சரி, பாட்டிலைப் பழுப்புக் கண்ணாடியில் எடுத்து இருட்டில் வையுங்கள். வளையத்திலிருந்து வெளியேறிச் சங்கிலிக்குள் நின்றதே ஒரு கார்பன், வெளிச்சம் பட்டால் உடைவது சரியாக அந்த இடத்தில்தான். கார்பன் மோனாக்சைடாக அது கழன்றுகொள்ள, மிச்சத் துண்டு கந்தகத்தோடு சேர்ந்து ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் வீச்சத்துக்கு நெருங்கிய ஒரு தயோலாக, அதாவது கந்தகச் சேர்மமாக, ஆகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். நிறமில்லாத பாட்டிலில் விற்கும் சில ஆலைகள், ஹைட்ரஜன் ஏற்றிப் பதப்படுத்திய ஹாப்ஸ் சாற்றைப் பயன்படுத்தி இதைத் தவிர்க்கின்றன. வீட்டில் காய்ச்சுபவருக்குப் பழுப்புப் பாட்டிலே மலிவு.