ஐந்து குரூப்பில் வந்தால் ஐந்து சாட்சியா?

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சென்னை முழுக்கச் சுற்றியது. பண்ணை நிர்வாகம் மறுத்தது. ஒரு முதலைகூட வெளியேறவில்லை. அதே நாட்களில் அதே போன்களில், ‘மாடியில் வயதானவர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், படகு தேவை’ என்ற உண்மையான செய்திகளும் வந்துகொண்டிருந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

செய்தியை நம்பலாமா என்று முடிவு செய்யும்போது நாம் முதலில் பார்ப்பது, அதை அனுப்பியவரின் பெயரை. அத்தையோ, கல்லூரி நண்பனோ, கூடவே போராட்டத்தில் உட்கார்ந்தவரோ அனுப்பினால் மனம் இளகிவிடும். ஆனால் அவர் அதை எழுதியவர் அல்ல, கைமாற்றியவர். முதலில் எழுதியவர் யார் என்பது ஓரிரு கை மாறியதுமே மறைந்துபோகிறது. அவருக்கு நாம் தராத நம்பிக்கை, நடுவில் இருக்கும் நம் ஆட்கள் மூலமாக அவர் எழுதியதற்குக் கிடைத்துவிடுகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அது பொய்யாகவே இருந்தாலும் உண்மைபோலத் தோன்ற ஆரம்பிக்கும். 1977-லேயே உளவியல் சோதனைகளில் இது தெரியவந்தது. பழகிய வாக்கியத்தை மூளை சிரமமில்லாமல் வாசிக்கிறது. அந்தச் சுலபத்தையே உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. ஏரியா குரூப், அலுவலக குரூப், போராட்டக் குரூப் என்று ஐந்து இடத்தில் ஒரே செய்தி வந்தால் ஐந்து பேர் பார்த்துச் சொன்னதாக நினைக்கிறோம். உண்மையில் பார்த்தவர் ஒருவராக இருக்கலாம், ஒருவருமே இல்லாமலும் இருக்கலாம். இயக்கங்களில் இது இன்னும் கூடுதல், ஏனென்றால் அதே ஆட்கள்தான் எல்லாக் குரூப்பிலும் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், போராட்டமோ மீட்புப் பணியோ, களத்தில் பொய்யைவிட ஆபத்தானது காலாவதியான உண்மை. காலையில் படகு கேட்டு வந்த செய்தி மதியமே தீர்ந்திருக்கும். ஆனால் இரவு வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும், ‘இப்போதே உதவுங்கள்’ என்ற வரியோடு. அந்த ‘இப்போது’ எந்த இப்போது? 2015-இல் தன்னார்வலர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி மிக எளியது. செய்தியில் இருக்கும் எண்ணுக்கு ஒருவர் போன் போட்டுப் பேசுவார். தேவை இன்னும் இருந்தால் மட்டும், சரிபார்த்த நேரத்தையும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றுவார். அந்த ஒரு அழைப்பில், வழியில் தொலைந்துபோன மூலம் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குத் தலைவர் கிடையாது. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும்தான் கூட்டத்தைச் சேர்த்தன. சேர்ப்பதற்கு அவை போதுமானவையாக இருந்தன, முடிவெடுப்பதற்கு இல்லை. ஜனவரி 21-இல் அவசரச் சட்டம் வந்ததும், இது நிரந்தரமா, கலைந்து போகலாமா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். சட்டமன்றம் அதைச் சட்டமாக நிறைவேற்றாவிட்டால், சட்டமன்றம் கூடியதிலிருந்து ஆறு வாரத்தில் அவசரச் சட்டம் காலாவதியாகிவிடும். 23-ஆம் தேதி, முன்னாள் நீதிபதி அரிபரந்தாமன் மெரினாவுக்கே வந்து சட்டத்தை விளக்கினார். எதிரே நின்று குறுக்குக் கேள்வி கேட்கக்கூடிய ஒரு மனிதர், அதுவும் துறை தெரிந்தவர். ஃபார்வர்டிடம் அப்படித் திருப்பிக் கேட்க முடியாது.

தொழில்நுட்பத்தில் சின்ன உதவி உண்டு. ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடுகிறது. 2020 முதல் அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் காப்பி செய்து ஒட்டினாலோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலோ அந்த எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அம்புக்குறி இல்லை என்பதால் செய்தி புதிதாகிவிடாது.

பகிர்கிறவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் அல்ல. 2021-இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளியான ஆய்வின்படி, பலர் பகிரும் நொடியில் ‘இது உண்மையா’ என்று யோசிப்பதே இல்லை. யோசிக்கும்படி லேசாக நினைவூட்டினாலே பகிர்வின் தரம் உயர்கிறது. அதனால் குரூப் நடத்துகிறவர்கள் யாரையும் திட்ட வேண்டியதில்லை. ‘யார் பேசினீர்கள், எத்தனை மணிக்கு?’ என்று கேட்டால் போதும். தவறு என்று தெரிந்தால் செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிடக் கூடாது, ஏனென்றால் ஏற்கெனவே ஃபார்வர்டு ஆன பிரதிகள் அழியாது. எந்தெந்தக் குரூப்புக்கு அனுப்பினோமோ அங்கெல்லாம், அனுப்பிய அதே ஆள் திருத்தத்தையும் அனுப்ப வேண்டும்.