பெர்லினில் இறங்கினாலும் அனுமதி இந்தியாவிலிருந்துதான்: சிம், ரோமிங், ஓடிபி வேலை செய்யும் விதம்

பெர்லினில் இறங்கி ஏர்பிளேன் மோடை அணைத்ததும் போன் முதலில் செய்வது, சுற்றியுள்ள டவர்கள் எந்த நாட்டுடையவை என்று பார்ப்பதுதான். ஒவ்வொரு நெட்வொர்க்கும் தன் நாட்டுக் குறியீட்டை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். ஜெர்மனிக்கு 262. இந்திய சிம்முக்குள் பதிந்திருக்கும் 15 இலக்க அடையாள எண்ணோ 404 அல்லது 405 என்று தொடங்கும். (நாம் மற்றவர்களுக்குக் கொடுக்கும் 10 இலக்க எண் வேறு, இது வேறு.) இரண்டும் பொருந்தாததால் போன் ரோமிங், அதாவது வேறு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இணையும் அனுமதி, கேட்கிறது.

ஜெர்மன் நெட்வொர்க்குக்கு உங்களை யாரென்று தெரியாது. அது இந்திய நிறுவனத்தின் சந்தாதாரர் பதிவேட்டைக் கேட்கும். சிம்முக்குள் 128 பிட் ரகசியச் சாவி ஒன்று இருக்கிறது. அதன் இன்னொரு பிரதி இந்திய நிறுவனத்திடம் மட்டுமே உண்டு. அங்கிருந்து ஒரு புதிர் எண்ணும் அதற்கான விடையும் பெர்லினுக்கு வரும். புதிர் மட்டும் சிம்முக்குப் போகும். சிம் தன் சாவியை வைத்துக் கணக்குப் போட்டு விடை சொல்லும். இரண்டு விடையும் ஒத்துப்போனால் உள்ளே விடுவார்கள். சாவி சிம்மை விட்டு வெளியே வருவதே இல்லை. கூடவே, ‘இவர் இப்போது இந்த ஜெர்மன் நெட்வொர்க்கில் இருக்கிறார்’ என்று இந்தியப் பதிவேட்டிலும் குறித்துக்கொள்வார்கள்.

வங்கி ஓடிபி வந்து சேர்வது இந்தக் குறிப்பை நம்பித்தான். செய்தி முதலில் இந்தியாவிலுள்ள குறுஞ்செய்தி மையத்துக்குப் போகும். மையம் பதிவேட்டைப் பார்த்து ஜெர்மனிக்குத் தள்ளிவிடும். இதற்கு மொபைல் டேட்டா தேவையில்லை, அதனால் இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்தே வைக்கலாம். ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் வரும் அழைப்பை எடுத்தால் காசு போகும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இன்டர்நேஷனல் ரோமிங்கை இயக்காமலே விமானம் ஏறிவிட்டால், இந்தியப் பதிவேடு மறுத்துவிடும். மறுப்பின் வகையைப் பொறுத்து, அந்த ஜெர்மன் நெட்வொர்க்கின் பெயரை போன் சிம்முக்குள் இருக்கும் தடைப் பட்டியலில் எழுதிவைக்கும். பிறகு விமான நிலைய வைஃபையில் நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து ரோமிங்கை இயக்கினாலும் சிக்னல் வராது. அனுமதி வந்துவிட்டது, ஆனால் போன் திரும்பக் கேட்டுப்பார்க்கவில்லை. பட்டியல் சிம்மில் இருப்பதால் போனை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் அழியாது. செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வுக்குப் போய் ‘ஆட்டோமேட்டிக்’கை நிறுத்துங்கள். ஓரிரு நிமிடத்தில் டெலிகோம் (Telekom), வோடஃபோன், ஓ2 என்று ஜெர்மன் நெட்வொர்க்குகளின் பெயர்கள் வரும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். நாமே தேர்ந்தெடுத்து இணைப்பு கிடைத்துவிட்டால் அந்தப் பெயர் தடைப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். அதன்பின் மறுபடி ஆட்டோமேட்டிக்கில் வைக்கலாம்.

புது போன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கி, யுபிஐ ஆப்களையும் வங்கி ஆப்களையும் அதில் பதிந்துவிடுங்கள். யுபிஐ பதிவின்போது போனிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். ரோமிங்கில் அது சிக்கிக்கொள்ளலாம்; போனாலும் கட்டணம் உண்டு. இன்னொன்று, ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். துண்டித்த எண் வேறொருவர் கைக்குப் போகும், உங்கள் ஓடிபியும் கூடவே போகும். ரீசார்ஜ் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

இணையத்துக்கு இந்திய சிம்மை நம்ப வேண்டாம். ரோமிங் டேட்டா வழக்கமாக இந்திய நிறுவனத்தின் கருவிவரை போய்த்தான் இணையத்தில் கலக்கும். ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 7,600 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். பக்கத்துத் தெருவில் இருக்கும் சர்வரைத் தொடவும் கேள்வி சென்னை போய்வர வேண்டும், பதிலும் அப்படியே. நான்கு பயணம், குறைந்தது 150 மில்லிசெகண்ட். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போகாததால் உண்மையில் இதைவிட அதிகம்தான் ஆகும்.

ஆகவே உள்ளூர் இ-சிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சில்லில் இறக்கிக்கொள்ளும் சிம். *#06# அழுத்தும்போது இ-சிம் சில்லின் அடையாளமான 32 இலக்க இஐடி எண் தெரிந்தால் போனில் அந்தச் சில்லு இருக்கிறது. க்யூஆர் கோடில் இருப்பது ஒரு சர்வர் முகவரியும் கடவுச்சொல்லும் மட்டுமே. சிம்மின் விவரம் முழுக்க அங்கிருந்துதான் இறங்கும். அதனால் ஸ்கேன் செய்யும்போது வைஃபை வேண்டும். இறக்கிய பிறகு கை தவறி அழித்துவிட்டால் அதே கோடு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யாது. ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். பாஸ்போர்ட்டும் முகவரியும் கையில் இருக்கட்டும்.

பழைய போனைக் கொண்டுபோகிறவர்கள் அது 4ஜி-யின் 20-ஆம் அலைவரிசைப் பட்டையைப் பிடிக்குமா என்று பார்க்க வேண்டும். 800 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அந்தப் பட்டைதான் ஜெர்மன் கிராமங்களிலும் கெட்டிச் சுவர் வீடுகளிலும் கைகொடுக்கும். அங்கே 3ஜி-யை 2021-லேயே மூடிவிட்டார்கள். வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி இல்லாத போனில் அழைப்புகள் 2ஜி-க்கு இறங்கிவிடும்.

வீட்டு பிராட்பேண்டுக்கு அவசரப்படாதீர்கள். ஒப்பந்தம் 24 மாதம் வரை கட்டிப்போடும். முதல் ஆறு மாதம் தற்காலிக அறையில் இருக்கப் போகிறவருக்கு ப்ரீபெய்டு டேட்டாவும் ஹாட்ஸ்பாட்டும் போதும். நிலையான வீடு கிடைத்து, இணைப்பு தர டெக்னீஷியன் வரும் நாளில் கவனிக்க வேண்டியது வாசல். ஜெர்மன் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. அழைப்பு மணியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயர்தான் அடையாளம். பழைய குடியிருப்பாளரின் பெயரே இருந்தால் வந்தவர் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், அடுத்த தேதி வாரக்கணக்கில் தள்ளிப்போகலாம். ஒப்பந்தத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே எழுத்தில், மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டி வையுங்கள்.