பரம்பரைச் சாபத்துக்குப் பயந்து ஞானஸ்நானம் எடுக்க வேண்டாம்

ஞானஸ்நான ஆயத்த வகுப்பு முடிந்தபின் தனியாக நின்று சிலர் கேட்பார்கள்: "ஐயா, எங்க தாத்தா செஞ்ச பாவம் என் பிள்ளைங்களையும் தொடருமா?" அவர்களை யாரோ பயமுறுத்தி வைத்திருப்பார்கள். பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்ற யாத்திராகமம் 20:5-ஐக் காட்டியிருப்பார்கள். ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் என்கிற அடுத்த வசனத்தை வாசித்துக்காட்டியிருக்க மாட்டார்கள். பிதாவின் அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 நேரடியாகவே சொல்கிறது.

லூக்கா 3-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். இயேசு ஞானஸ்நானம் பெறுகிறார், "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் வானத்திலிருந்து வருகிறது. அடுத்த வசனத்திலேயே வம்சவரலாறு தொடங்கி, யோசேப்பிலிருந்து பின்னோக்கிப் போய் ஆதாமையும் தாண்டித் தேவனிடத்தில் முடிகிறது. பெயர்ப்பட்டியல்தானே என்று பெரும்பாலோர் தாண்டிவிடுகிற பகுதி இது. ஞானஸ்நானத்தையும் வம்சத்தையும் லூக்கா இப்படி அடுத்தடுத்து வைத்திருப்பதில் காரணம் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

மத்தேயு தரும் இயேசுவின் வம்சப் பட்டியல் இன்னும் வெளிப்படையானது. மாமனாரால் கர்ப்பமான தாமார், வேசியாயிருந்த ராகாப், தாவீது விபசாரம் செய்த உரியாவின் மனைவி எல்லோரும் அதில் உண்டு. அதில் வரும் ரூத், மோவாப் தேசத்து அந்நியப் பெண். மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபைக்கு உட்படலாகாது என்கிறது உபாகமம் 23:3. அவளுடைய கொள்ளுப்பேரன்தான் தாவீது. தன் பிள்ளையையே தீக்கடக்கப்பண்ணிய, அதாவது நெருப்பில் பலியிட்ட, மனாசே ராஜாவும் அந்த வரிசையில் இருக்கிறான். பாவிகளான முன்னோர்கள் இருப்பதால் ஒருவரைத் தேவன் ஒதுக்குவார் என்றால், இந்தப் பட்டியலை என்ன செய்வது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. "நாங்கள் நாலு தலைமுறைக் கிறிஸ்தவர்கள்" என்று பெருமை பேசுகிறவர்களுக்கு யோவான்ஸ்நானகன் யோர்தான் கரையிலேயே பதில் சொல்லிவிட்டார்: ஆபிரகாம் எங்கள் தகப்பன் என்று சொல்லிக்கொள்ள நினையாதிருங்கள், இந்தக் கல்லுகளாலும் ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை உண்டுபண்ணத் தேவன் வல்லவர். ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டவர்கள், ஆகவே அவர்களே ஆபிரகாமின் சந்ததியார் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதும் இதே அர்த்தத்தில்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அப்போஸ்தலர் 8. அங்கே வரும் எத்தியோப்பிய மந்திரி ஓர் அண்ணகன், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவன். சந்ததிக்கு வழியில்லாதவன், நியாயப்பிரமாணத்தின்படி சபைக்குள் வரவும் முடியாதவன். அவன்தான் கேட்கிறான்: "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிலிப்பு அவனுடைய முன்னோர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் விசாரிக்கவில்லை.

குடிப்பழக்கம், வன்முறை, சில நோய்கள் குடும்பங்களில் தொடர்வது உண்மைதான். அதை நான் மறுக்க மாட்டேன். நோய்க்கு மருத்துவரைப் பாருங்கள், குடிக்கு ஆலோசனையும் சிகிச்சையும் தேடுங்கள், ஜெபமும் செய்யுங்கள். முன்னோரின் சாபத்தை முறிக்கத் தனிச் சடங்கு வேண்டும், காணிக்கை வேண்டும், மறுபடி ஞானஸ்நானம் வேண்டும் என்று யாராவது சொன்னால், புதிய ஏற்பாட்டில் அதற்கு ஆதாரம் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள், பணம் கொடுக்காதீர்கள்.