14 ஸீகாவும் மனப்பாடம், ஒரு வாக்கியம் மட்டும் வரல

அரபி இலக்கணம் படிக்க வர்ற பெரியவங்க பாதிப்பேர் என்கிட்ட வரும்போதே கதப (எழுதினான்), கதபா, கதபூன்னு 14 ஸீகாவையும் (ஒரு வினையோட ஆள், பால், எண்ணுக்கேத்த வடிவங்கள்) ராகத்தோட மூச்சு விடாம ஒப்பிப்பாங்க. மாஷா அல்லாஹ், நல்ல விஷயம் தான். சரி, "நான் தண்ணி குடிச்சேன்"னு அரபில சொல்லுங்கன்னா அப்படியே நின்னுடுவாங்க. ஷரிப (குடிச்சான்), ஷரிபான்னு மனசுக்குள்ள முதல்ல இருந்து ஓட்டி 13-வது இடத்துக்கு வந்து ஷரிப்துன்னு புடிக்கணும், அதுக்குள்ள தண்ணிக்கு கடைசியில என்ன ஹரகத் (உயிர்க்குறி) வரணும்ங்கறது போயிடும். ஷரிப்துல் மாஅ. ரெண்டே வார்த்தை தான்.

ஸர்ஃப் (சொல் வடிவ இலக்கணம்) மனப்பாடம் வேண்டாம்னு சொல்ல வரல, அது வேணும். ஆனா அதோட நின்னுட்டு ஜும்லா ஃபிஃலிய்யாவை, அதாவது வினையில ஆரம்பிக்கிற சின்னச் சின்ன வாக்கியங்களை வாயால சொல்லிப் பழகாம அடுத்த பாடம் அடுத்த பாடம்னு ஓடுறவங்க தான் ஆறு மாசத்துல அரபி கஷ்டம்னு கிளாஸை விட்டுட்டுப் போயிடுறாங்க. அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, ஏன்னா தமிழ் பேசுறவங்களுக்கு இது உண்மையிலேயே ஈஸி.

எப்படின்னா, வந்தேன்னு சொன்னாலே "நான்" உள்ள இருக்கு, வந்தாள்னாலே பெண்பால் தெரிஞ்சிடுது. இங்கிலீஷ்ல இந்த வசதி கிடையாது, அரபில உண்டு. கதப எழுதினான், கதபத் எழுதினாள், கதப்து எழுதினேன். வினை முன்னாடி, அப்புறம் செஞ்ச ஆள் (ஃபாயில்), அப்புறம் செயப்படுபொருள் (மஃப்ஊல்). ஃபாயிலுக்கு கடைசியில பேஷ் (உ ஒலி), மஃப்ஊலுக்கு ஸபர் (அ ஒலி). கதப அத்-தாலிபு அத்-தர்ஸ, மாணவன் பாடத்தை எழுதினான், அவ்வளவு தான் அடிப்படை.

ஆனா சறுக்குறதும் தமிழால தான். இதை ஒவ்வொரு பேட்ச்லயும் பாக்குறேன். அந்த தர்ஸ-ல இருக்குற ஸபர் நம்ம "ஐ" வேற்றுமை செய்யுற வேலையைத் தான் செய்யுது. ஆனா நாம பேசும்போது ஆளுக்குத் தவறாம ஐ போடுறோம், பொருளுக்கு பல நேரம் விட்டுடுவோம். "தம்பியைக் கூப்பிட்டான்"னு சொல்றவன் "பாடம் எழுதினான், டீ குடிச்சான்"னு தான் சொல்லுவான். அதே பழக்கத்துல அரபிலயும் அத்-தர்ஸுன்னு பேஷ் வெச்சிடுவாங்க. அதனால என்கிட்ட படிக்கிறவங்க முதல் கொஞ்ச நாள் தமிழ்லயும் வாக்கியத்தை "பாடத்தை எழுதினான், கதவைத் திறந்தான்"னு ஐ போட்டு சத்தமா சொல்லிட்டுத் தான் அரபிக்குப் போகணும். கேக்க செயற்கையா இருக்கும், பரவால்ல, தப்பு பாதிக்குப் பாதி குறையும்.

ஒரு ஸபர், பேஷுக்கு இவ்வளவு பேச்சான்னு நினைச்சா குர்ஆனைத் திறந்து பாருங்க. பகரா சூரா 251-வது ஆயத்துல (வசனத்துல) "வ கதல தாவூது ஜாலூத"ன்னு வருது. தாவூதுல பேஷ் இருக்கு, அவங்க தான் கொன்னது. ஜாலூத்ல ஸபர் இருக்கு, கொல்லப்பட்டது அவன். ஃபாதிர் சூரா 28-ல இன்னும் நுணுக்கம், "இன்னமா யக்ஷல்லாஹ மின் இபாதிஹில் உலமாஉ". அல்லாஹ்ங்கற சொல் முன்னாடி வந்தாலும் ஸபரோட வருது, அப்ப அது மஃப்ஊல். உலமாஉ கடைசியில பேஷோட நிக்குது, அது தான் ஃபாயில். அல்லாஹ்வை அவனோட அடியார்கள்ல அஞ்சுறவங்க அறிஞர்கள் தான்னு அர்த்தம். ஹரகத்தை மாத்தி ஓதிட்டா யார் யாரை அஞ்சுறதுங்கறதே தலைகீழாயிடும், நஊது பில்லாஹ்.

அடுத்தது பன்மை. வினை முன்னாடி வந்தா, ஃபாயில் ரெண்டு பேரா இருந்தாலும் நூறு பேரா இருந்தாலும் வினை ஒருமையிலயே தான் நிக்கும். கதப அத்-துல்லாபு, மாணவர்கள் எழுதினாங்க. நமக்கு "எழுதினாங்க"ன்னு தானே காதுல ஓடுது, அதனால கதபூ அத்-துல்லாபுன்னு எழுதிடுவாங்க. பெயர் முன்னாடி போனா தான் கதபூ வரும், அத்-துல்லாபு கதபூ. "கத் அஃப்லஹல் முஃமினூன்"னு எத்தனை தடவை ஓதியிருப்போம், முஃமின்கள் (நம்பிக்கையாளர்கள்) வெற்றி பெற்றாங்கன்னு அர்த்தம், முஃமின்கள் பன்மை, ஆனா அஃப்லஹூன்னு வரல பாருங்க, அஃப்லஹ தான்.

இதுல நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே ஒரு தப்பு இருக்கு. அத்தா (அப்பா) வந்தாங்க, ஹஜ்ரத் (மார்க்க ஆசிரியர்) சொன்னாங்கன்னு மரியாதைப் பன்மையிலயே வளர்ந்தவங்க நாம. ஒரு அக்கா நோட்டுல "ஜாஊ அபீ"ன்னு (என் அத்தா வந்தாங்க, வினை பன்மையில) எழுதியிருந்தாங்க, கேட்டா "அத்தாவைப் போய் வந்தான்னு எப்படி உஸ்தாத் எழுதுறது"ங்கறாங்க. மனசு நல்ல மனசு, ஆனா அரபி வினையில அந்த மரியாதைப் பன்மை வராது. ஹதீஸ்ல "கால ரஸூலுல்லாஹி"ன்னு (அல்லாஹ்வோட தூதர் சொன்னார்) ஒருமையில தானே வருது, அதை நாம தமிழ்ல சொன்னார்கள்னு சொல்றோம். இதைக் காட்டினதும் அவங்களுக்கு சமாதானம் ஆயிடுச்சு.

சரி பயிற்சி எப்படி பண்றது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு வினையை எடுங்க, ஃபதஹ (திறந்தான்)ன்னு வெச்சுக்கங்க. ஃபதஹ அர்-ரஜுலு அல்-பாப, ஆள் கதவைத் திறந்தான். இப்ப ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்துங்க, ஆளுக்கு பதிலா மாணவன், அப்புறம் மாணவி (அப்ப வினை ஃபதஹத் ஆகும், அடுத்து அல் வந்தா சேர்த்துப் படிக்க ஃபதஹதி), அப்புறம் மாணவர்கள், அப்புறம் கதவுக்கு பதிலா கிதாப் (புத்தகம்). ஒரே நேரத்துல ரெண்டை மாத்தாதீங்க, எங்க தப்பு வந்துச்சுன்னே தெரியாம போயிடும். சமைக்கும்போது, பஸ்ல போகும்போது வாய்விட்டு சொல்லுங்க, கடைசி ஹரகத்தை முழுங்காம சொல்லுங்க. ஓதும்போது நிறுத்துற இடத்துல அதை விடுறது சரி தான், ஆனா பயிற்சியிலயும் விட்டா எது ஃபாயில் எது மஃப்ஊல்னு காதுக்கு எப்பவுமே பழகாது. வாணியம்பாடியில பிறந்து மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தின டாக்டர் வி. அப்துர் ரஹீம் எழுதின பாடப்புத்தகங்களைப் பாருங்க, விதி நாலு வரி தான் இருக்கும், பயிற்சி பக்கம் பக்கமா போகும்.

ஆரம்பத்துல அபீ (என் அத்தா), உம்மீ (என் அம்மா) மாதிரி சொல் வேண்டாம், மூஸா ஈஸா மாதிரி பேரும் வேண்டாம், அதுல எல்லாம் ஹரகத் வெளியில தெரியாது. ளரப (அடிச்சான்) மூஸா ஈஸான்னா யார் யாரை அடிச்சதுன்னு முன்னாடி வர்றதை வெச்சுத் தான் சொல்லணும், அது பின்னாடி பாடம். ஸைத், ஹாமித்னு நேரா ஹரகத் காட்டுற பேர்களை வெச்சுக்கங்க. யக்துபு (எழுதுறான்), லம் யக்துப் (எழுதல) எல்லாம் கதப யோசிக்காம வாயில வந்த பிறகு போதும்.

இதெல்லாம் ஒரு வாரம் பண்ணிட்டு, உங்களுக்கு ஏற்கனவே மனப்பாடமா இருக்குற சின்ன சூராக்கள்ல வினை வாக்கியத்தைத் தேடுங்க. இதா ஜாஅ நஸ்ருல்லாஹி (அல்லாஹ்வோட உதவி வரும்போது), இதுல வினை எது, ஃபாயில் எது? அடுத்து தப்பத் யதா அபீ லஹப் (அபூ லஹபோட ரெண்டு கையும் நாசமாகட்டும்). யதான்னா ரெண்டு கை, அப்புறம் ஏன் வினை ஒருமையில நிக்குது, ஏன் கடைசியில த் வந்திருக்குன்னு நீங்களே காரணம் எழுதிப் பாருங்க. கை அரபில பெண்பால்ங்கறதை மட்டும் நான் சொல்லிடுறேன்.