மிஷினில் 182, லேபில் 160: எது சரி?

சர்க்கரை நோயாளிகள் என்னிடம் கொண்டுவரும் புகார்களில் மாத்திரையைப் பற்றியதைவிட, வீட்டில் சர்க்கரை பார்க்கும் மிஷினைப் பற்றியதே அதிகம். "டாக்டர், காலையில வெறும் வயித்துல லேப்ல 160, வீட்டு மிஷின்ல 182. காசு போட்டு வாங்கினது வீண்போல இருக்கே." சிலர் இந்தச் சந்தேகத்திலேயே இன்னொரு மிஷினும் வாங்கிவிடுவார்கள். அது 171 காட்டும். இப்போது கையில் மூன்று எண்கள்.

இந்தக் கணக்கில் எந்த மிஷினும் பழுதில்லை. வீட்டு மிஷின்களுக்கென்று உலக அளவில் ஒரு தர விதி இருக்கிறது: ஐஎஸ்ஓ 15197, 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு. 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், மிஷின் காட்டுவது லேப் அளவைவிட 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். 100-க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராம் வரை. நூறில் 95 முறை இந்த எல்லைக்குள் வந்தால் மிஷின் தேறிவிட்டது. லேபில் 160 என்றால் வீட்டில் 136 முதல் 184 வரை எது வந்தாலும் விதிப்படி சரிதான்.

ஆகவே நேற்று 142, இன்று 151 என்று கவலைப்படுவதில் பொருளில்லை. அடுத்தடுத்து இரண்டு விரலில் குத்தினாலே அந்த வித்தியாசம் வரும். மூன்று விரலில் குத்தி, வந்ததில் குறைந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். நோட்டு பார்க்க அழகாக இருக்கும். மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை வேறு கதை சொல்லும்.

லேப் முடிவும் கல்வெட்டு கிடையாது. குழாயில் எடுத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அறை வெப்பத்தில் அப்படியே வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் இருக்கும் ஃபுளோரைடு இதைத் தடுக்கத்தான். அதுவும் போட்ட உடனே முழுதாகத் தடுப்பதில்லை. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு, இன்னும் நாலு வீடு சுற்றிவிட்டு லேபுக்குப் போகும் குழாயில் 160 வந்தால், எடுத்த நேரத்தில் அது 170-ஆகக்கூட இருந்திருக்கலாம்.

சாப்பிட்ட பிறகு பார்க்கும் அளவில் இன்னொரு சங்கதி இருக்கிறது. லேபில் எடுப்பது முழங்கை மடிப்பிலுள்ள சிரை ரத்தம். அது உடம்புக்குச் சர்க்கரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தம். விரல் நுனியில் வருவது இன்னும் கொடுத்து முடிக்காத ரத்தம். வெறும் வயிற்றில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. சாப்பிட்டபின் விரலில் 20, 30 மில்லிகிராம் கூடுதலாக இருப்பது இயல்பு. எனவே ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் வெறும் வயிற்றில் ஒப்பிடுங்கள். மிஷினை லேபுக்கே எடுத்துப்போய், கையிலிருந்து ரத்தம் எடுத்த அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு வீட்டில் பார்த்ததையும், பஸ் பிடித்து ஒன்பது மணிக்கு லேபில் கொடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒப்பீடே ஆகாது.

சரி, மிஷின் எப்போதுமே உத்தமன்தானா? 15 சதவீதத்தையெல்லாம் தாண்டி 80, 100 என்று தப்பும் நேரங்களும் உண்டு. அப்போது நான் முதலில் பார்ப்பது மிஷினை இல்லை, கையை.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் ஒருவர். மதியம் கடையிலேயே உட்கார்ந்து சோதித்துப் பார்ப்பார். நோட்டில் 290, 310 என்றே வரும். எச்பிஏ1சி மட்டும் ஏழரையைத் தாண்டாது. அவருடைய மிஷினையும், ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பையும் கொண்டுவரச் சொல்லி, நேரே கடையிலிருந்து வந்தவரை என் முன்னால் அப்படியே பார்க்கச் சொன்னேன். தோளில் கிடந்த துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டு குத்தினார்: 288. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, அடுத்த விரலில் குத்தச் சொன்னேன்: 164. மனிதர் கொஞ்ச நேரம் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம் எளிது. இன்றைய ஸ்ட்ரிப்கள் பலவும் உறிஞ்சுவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தம்கூட இல்லை. சர்க்கரை 100 என்றால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. விரல் ரேகையில் காய்ந்திருக்கும் திராட்சைச் சாறு அதைவிடப் பல மடங்கு. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2011-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், ஆரஞ்சும் திராட்சையும் கிவியும் உரித்த விரல்களில் ஸ்பிரிட் பஞ்சால் பலமுறை துடைத்த பின்பும் அளவு கூடுதலாகவே வந்தது. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் உண்மையான எண் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், டப்பாவில் இருக்கும் வெள்ளைச் சீனி இந்த அளவுக்கு ஏமாற்றாது. அது சுக்ரோஸ், ஸ்ட்ரிப் அதைக் கண்டுகொள்வதில்லை. பழத்திலும் தேனிலும் குளுக்கோஸ் தனியாகவே இருக்கிறது.

கழுவிய கை ஈரமாக இருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறையும். துளி வரவில்லை என்று விரலைப் பிழிந்தாலும் திசுநீர் கலந்து எண் மாறும். கையைத் தொங்கவிட்டு உதறிவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். வலியும் குறைவு.

கைக்கு அடுத்து ஸ்ட்ரிப். அதில் இருப்பது ஒரு நொதி, சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. டப்பாவுக்குள்ளேயே ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருப்பதன் காரணம் அதுதான். மூடியைத் திறந்தே வைப்பது, பத்து ஸ்ட்ரிப்பைப் பேப்பரில் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வது, மே மாத வெயிலில் காருக்குள் விட்டுவிடுவது, இன்சுலினோடு சேர்த்து ஃபிரிட்ஜில் வைப்பது எல்லாமே ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். டப்பாவில் போட்டிருக்கும் காலாவதி தேதி மூடியிருக்கும்வரைக்கும்தான். திறந்த பிறகு மூன்று மாதம், ஆறு மாதம் என்று கம்பெனிக்குக் கம்பெனி கெடு மாறும். திறந்த தேதியை டப்பாவிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். சந்தேகம் வந்தால் கன்ட்ரோல் சொல்யூஷன் என்று ஒரு குட்டிப் பாட்டில் கிடைக்கும். அதில் ஒரு துளி வைத்தால், ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்ட எல்லைக்குள் எண் வர வேண்டும். பல மெடிக்கலில் கேட்டால்தான் வரவழைத்துத் தருவார்கள். ஆனால் கேளுங்கள்.

ரத்தமே காரணமாவதும் உண்டு. ரத்தசோகை இருந்தால் பல மிஷின்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், சிவப்பணு அதிகமாக இருந்தால் குறைத்துக் காட்டும். டயாலிசிஸில் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிக்கு வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குள் என்று இலக்கே குறுகியது. அங்கே 15 மில்லிகிராம் பெரிய விஷயம். வயிற்று டயாலிசிஸில் ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் பயன்படுத்துபவர்களுக்குச் சில வகை ஸ்ட்ரிப்கள் ஆபத்தான அளவுக்கு எண்ணைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-இல் எச்சரித்தது. எந்த ஸ்ட்ரிப் என்று உங்கள் சிறுநீரக டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எனக்கு உண்மையில் பயம் தாழ்ந்த எண்களில்தான். மிஷினில் 62 என்றால் உண்மையில் 47-ஆகவும் இருக்கலாம், 77-ஆகவும் இருக்கலாம். வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்திருக்கும்போது மிஷின் 85 காட்டினாலும் உடம்பை நம்புங்கள். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மறுபக்கம், வழக்கமில்லாத ஒரே ஒரு உயர்ந்த எண்ணைப் பார்த்து நீங்களாகவே இன்சுலினை ஏற்றிப் போடாதீர்கள். கையைக் கழுவிவிட்டு இன்னொரு ஸ்ட்ரிப்பைச் செலவழித்தால் குடிமுழுகிவிடாது.

சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளைகள் அனுப்பிய மிஷின் 7.8 என்று காட்டினால் பதற வேண்டாம், அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்குங்கள், 140 வரும். அதற்கான ஸ்ட்ரிப் இங்கே கிடைக்குமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊசியே குத்தாமல் சர்க்கரை பார்க்கும் வாட்ச், மோதிரம் என்று வரும் விளம்பரங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டோடு மிஷினையும் எடுத்துப் போங்கள். பழைய அளவுகள் எல்லாம் அதிலேயே பதிவாகியிருக்கும். கிளம்பும் முன் அதில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பேட்டரி மாற்றிய பிறகு பலருடைய மிஷினில் அது மாறிப்போயிருக்கும், எது காலை அளவு, எது ராத்திரி அளவு என்று யாராலும் சொல்ல முடியாது.